ராயக்குட்டை சேர்மன்

சித்த அக்கட்டால சாஞ்சு உக்காருங்க, கண்ணுல கிண்ணுல குத்திறப் போகுது. கொடை இல்லீங்க அது. தூண்டில் ராடு. ரெண்டாக் கழட்டித்தான் பையில போட்டிருக்கறேன், அப்பவும் இந்த டவுன் பஸ்ஸுக்கு நீளமாத்தான் இருக்குது. ரீலு சுத்தாம நின்னு போச்சுன்னு உடுமலைக்குக் கொண்டாந்து சரி பண்ணிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் இதைப் பாத்துப்போட்டு நாதஸ்வரமான்னு கேட்டாருங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். தூண்டில்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன மீன் புடிச்சீங்கன்னுதான் வரும்.

பாருங்க, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். ராயக்குட்டைப் பிரிவு வர்றதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது.

எம்பேரு சென்னியப்பனுங்க. பொள்ளாச்சியில தேங்கா மண்டியில முப்பத்தொரு வருசம் ஏலம் கூவுனவன். நான் இங்க கூவுனா மூணாவது தெருவுல டீ குடிச்சிட்டு இருக்கறவன் கையத் தூக்குவான். போன வருசம் போதும்னு நின்னுக்கிட்டேன். ஊட்டுல உக்காந்த மொத வாரமே எங்கூட்டம்மா தமயந்தி சொல்லிப்போட்டா, பேசாம செய்யற வேலை எதாச்சும் ஒண்ணு கத்துக்கோங்களேன்னு. இத்தனை வருசம் கத்துன தொண்டைக்கு ஓய்வு வேணும்னு அவளுக்கு அக்கறைங்க. அப்படித்தான் நான் தூண்டிலுக்கு வந்தது.

எங்க ஊருக்குப் பின்னால ராயக்குட்டைன்னு ஒரு குட்டை. ரெண்டு கல்யாண மண்டபத்து அளவுகூட வராது. அதுக்கு ஒரு சங்கம். ராயக்குட்டை தூண்டில் நண்பர்கள் சங்கம். என்னையும் சேத்துப் பதினொரு பேர். ஞாயித்துக்கிழமை காத்தால பாத்தீங்கன்னா கரை பூரா ஆளுங்க. எல்லாரும் எலை போட்ட மிலிட்டரி சட்டை. மீனுக்கு நம்ம தெரியக் கூடாதாம். எதிர்க்கரையில மாடு மேய்க்கறவங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுது, மீனுக்குத் தெரியாதாம். நானும் ஒண்ணு தெச்சுப் போட்டுக்கிட்டேன்.

குட்டையில என்ன மீனுன்னு கேட்டீங்கன்னா, வெரல் நீளத்துக்கு ஜிலேபி கெடக்குது. அதைச் சங்கத்துல மீனுன்னே ஒத்துக்க மாட்டாங்க. விரால்தான் மீன். எத்தனை விராலுன்னு கேளுங்க. ஒண்ணே ஒண்ணு. ஊருல ஆளுக்கு ஒரு மீனு கெடைக்கலீன்னு சொல்லுவாங்க, எங்க குட்டையில மீனு ஒண்ணுக்குப் பதினொரு ஆளு. பெருசுங்க, என் மொழங்கை நீளம். வாலு இடது பக்கம் கிழிஞ்சிருக்கும். அதுக்கு சேர்மன்னு பேரு வெச்சிருந்தாங்க. ஏன்னா எலெக்சன் முடிஞ்சா யார் கண்ணுலயும் படாது. மூச்சு விடறதுக்கு மட்டும் மேல வந்து, ஒரு குமிழி உட்டுப்போட்டுக் கீழ போயிரும்.

சேர்மனைப் புடிக்கறதுதான் சங்கத்தோட வேலை. புடிச்சா ஒரு போட்டோ எடுத்துக்கோணும், எடுத்துப்போட்டுத் தண்ணியில உட்டுரோணும். இதை மொத தடவை கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. முப்பத்தொரு வருசத்துல, ஏலத்துல எடுத்த தேங்காயத் திரும்ப மரத்துல கொண்டு போயிக் கட்டுனவனை நான் பாத்ததில்ல. ஆனா சங்கத்துல பத்துப் பேருகிட்டயும் சேர்மனைப் புடிச்ச போட்டோ இருந்துச்சு. இல்லாதவன் நான் ஒருத்தன்தான். புதுசா வந்தவனைக் கன்னிச்சாமின்னு கூப்புடுவாங்க. மீன் மாட்டற வரைக்கும் எல்லாருக்கும் டீ வாங்கியாரோணும். வருசத்துக்குள்ள மாட்டலீன்னா ஆண்டு விழா அன்னிக்குப் பேர அடிச்சுருவாங்க. எனக்கு அறுவது வயசுங்க, என்னையும் கன்னிச்சாமீன்னுதான் கூப்புட்டாங்க.

எனக்குச் சொல்லிக் குடுத்தவரு செயலாளர் திருமூர்த்தி. டைல்ஸ் கடை வெச்சிருக்கறாரு. நல்லாச் சொல்லிக் குடுத்தாருங்க, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். இது படிச்ச மீனு, ஊருல இருக்கற ரப்பர் தவளையெல்லாம் பாத்த மீனு, அதனால சின்னத் தவளையாப் போடு. தூண்டில் நரம்பு மெல்லிசா இருக்கோணும். நெழலு தண்ணியில உழக் கூடாது. மீனு இருக்கற எடத்துலயே டொப்புன்னு போடாம, தாண்டிப் போட்டு மெதுவா இழுத்துட்டு வா. கரையில கால் சத்தம் கேக்கக் கூடாது. முக்கியமா வாயத் தொறக்கக் கூடாது.

எல்லாத்தையும் அப்படியே கேட்டேன். வாயத் தொறக்கவே இல்ல. சந்தேகம் மட்டும் கேட்டுக்குவேன். சந்தேகம் கேக்கறது பேச்சாகுமுங்களா? ஒருத்தரு இருமுவாரு, ஒருத்தரு போன் அடிக்கும், இந்தச் சத்தத்துல எங்கிருந்து மீனு வரும்னு அவங்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்லுவேன். ஒரு மாசத்துல கிழக்குக் கரை பூராத்தையும் எனக்கே உட்டுக் குடுத்துப்போட்டு எல்லாரும் மேக்குக் கரைக்குப் போயிட்டாங்க. பெரியவருன்னு அந்த மரியாதை இருந்துச்சுங்க.

முன் சீட்டுக்காரரு ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கறாருன்னு தெரியலீங்க. நான் மெதுவாத்தான் பேசறேன்.

சங்கத்தக்கூட உடுங்க. ஊட்டுல என் மானம் போயிருச்சுங்க. மொத ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை தமயந்தி மசாலா அரைச்சு வெச்சுட்டு எதிர்பாத்துட்டு இருந்தா. அப்புறம் அரைக்கறத நிறுத்திப்போட்டா. சாம்பார் வெச்சா. அது எனக்குத் தாங்கல. அதனால ஒரு தடவை, ஒரே ஒரு சின்னத் தப்புங்க, கடையில மீனு வாங்கியாந்து நான்தான் புடிச்சேன்னு சொல்லிட்டேன். அவ பையத் தொறந்து பாத்துப்போட்டுக் கேக்கறா, ராயக்குட்டையில சங்கரா மீனு எப்பருந்துங்க, இது கடல் மீனாச்சேன்னு. அது கடைக்காரன் பண்ணுன தப்புங்க. நல்ல மீனாக் குடுன்னு கேட்டா அவன் கடல் மீனக் குடுத்துப்போட்டான். அடுத்த தடவை உசாரா குட்டை மீனாக் கேட்டு கட்லா வாங்கினேன். செவுளுக்குள்ள ஐஸ் கட்டி இருந்துச்சு. அதை எடுத்து என் கையில வெச்சா.

இது நடந்து கொஞ்ச நாள்ல, மாசி மாசத்துல, அவளுக்கு ஆபரேசன். கர்ப்பப்பை எடுத்தாங்க. நல்லபடியா முடிஞ்சு ஊட்டுக்கு வந்துட்டா. ஆனா சோறு எறங்கல. ரசஞ்சோறு வெச்சாத் தள்ளி வெக்கறா, கஞ்சி வெச்சாத் தள்ளி வெக்கறா. பதினெட்டு நாள். கையில போட்ட வளையலு மொழங்கைக்கு ஏறுது. தையல் போட்ட எடம் ஆறோணும்னா விரால் மீன் குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அதுக்கும் வேண்டாங்கறா. எனக்குப் பயமாயிருச்சுங்க. முப்பத்தாறு வருசம் நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருந்தவ. அவ இல்லாத ஊட்டுல நான் என்ன பண்ணுவேன்?

ஒரு புதன்கிழமை. மனசு கேக்காம ராடத் தூக்கிட்டுக் குட்டைக்குப் போனேன். வார நாளுல அங்க யாரும் வரமாட்டாங்க. தவளையத் தாண்டிப் போட்டு மெதுவா இழுத்துட்டு வந்துட்டிருக்கறப்ப போன் அடிச்சுது. தமயந்தி. மத்தியானத்து மாத்திரைய எங்க வெச்சீங்கன்னு கேட்டா. சாப்பிட்டியான்னு கேட்டேன். பசிக்கலீன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். போனத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல குடுத்துக்கிட்டு, கையில ராடப் புடிச்சுக்கிட்டு, ஏலம் கூவுன தொண்டையில கத்துனேன். பத்து நிமிசம் கத்தியிருப்பேன். இழுக்கறத மறந்தே போனேன். தவளை பாட்டுக்கு ஆகாயத்தாமரை ஓரத்துல அசையாமக் கெடக்குது.

டபுக்குன்னு ஒரு சத்தம். ராடு வளையுது. போனு தோள்ல இருந்து வழுக்கி நேராத் தண்ணிக்குள்ள போயிருச்சு. நான் அதைப் பாக்கறதா இதைப் பாக்கறதா? கால் முட்டி வரைக்கும் சேத்துல எறங்கி, இழுத்து, உட்டுக் குடுத்து, மறுபடி இழுத்து, கடைசியில நெஞ்சோட சேத்துப் புடிச்சு மேல ஏறுனேன். வாலப் பாத்தேன். இடது பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. சேர்மன். என் கையில.

சுத்திப் பாத்தேன். ஒரு ஆளு இல்ல. ஒரு எருமை மட்டும் நின்னு பாத்துட்டு இருந்துச்சு.

போட்டோ எடுக்கப் போனு இல்ல. பொய் சொல்லக் கூடாதுங்க, போனு கையில இருந்திருந்தா எடுத்துப்போட்டு உட்டிருப்பனோ என்னமோ. ஒரு வருசமா டீ வாங்குனவன் நான். ஆனா போனு இல்ல. அப்பத்தான் தமயந்தி ஞாபகம் வந்துச்சு. அந்த வளையலு ஞாபகம் வந்துச்சு. துண்டுல சுத்திக்கிட்டு நடந்துட்டேன்.

இதுவரைக்கும் நான் பண்ணுனது எல்லாம் சரிங்க. இதுக்கப்புறம்தான் ஒண்ணு பண்ணேன். விரால வெட்டறது லேசில்ல, வழுக்கும், தோல் உரிக்கோணும். எனக்குத் தெரியாது. தையல் போட்டவள அருவாமனையில உக்கார வெக்க முடியுமா? போற வழியில மரகதக்கா மீன் கடைக்குப் போயி வெட்டி வாங்கினேன். அந்தம்மா சுத்தமா வெட்டி, அவங்க கடைக் கறுப்புக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. நானும் வாங்கிட்டு வந்துட்டேன். மூளை எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க.

வாசல்ல நிக்கறா. பேசிட்டு இருக்கறப்பவே ஏன் கட் பண்ணிப்போட்டு சுவிட்ச் ஆப் பண்ணீங்கன்னா. போனு குட்டையில உழுந்துருச்சு, மீனு மாட்டிருச்சுன்னேன். கவரப் பாத்தா. சரிங்கன்னு சொன்னா.

அவ சேர்ல உக்காந்துக்கிட்டு இதைப் போடுங்க, அதைப் போடுங்கன்னு சொல்லச் சொல்ல நான்தான் கொழம்பு வெச்சேன். புளி கொஞ்சம் தூக்கல்தான். ஆனா சாப்பிட்டாளுங்க. ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டா. பதினெட்டு நாளைக்கப்புறம் தட்ட வழிச்சுச் சாப்பிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, காரம்னு சொல்லிட்டேன். எம்பொழப்புல அன்னிக்கு மாதிரி சந்தோசமா இருந்ததே இல்லீங்க. அப்பக் கைய நக்கிக்கிட்டே கேக்கறா.

"எந்தக் கடைங்க? இந்தத் தடவை நல்ல மீனாக் குடுத்திருக்கறான்."

சத்தியம் பண்ணேன். சாமி படத்து மேல கை வெச்சேன். அவ சிரிச்சுக்கிட்டே, சரிங்க சரிங்க, நீங்கதான் புடிச்சீங்கன்னா. கொழந்தைகிட்டச் சொல்ற மாதிரி. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

நாலு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை, குட்டைக்குப் போகாமப் புதுப் போன் வாங்கி, அதே நம்பருக்குப் புது சிம் போட்டேன். போட்டதும் சங்கத்து குரூப்புல ஒரு சேதி. திருமூர்த்தி போட்டது. "இன்று காலை ஆறரை மணிக்கு சேர்மன் தரிசனம். பத்திரமாக நீரில் விடப்பட்டார்." கூடவே போட்டோ. எல்லாரும் கும்புட்டு, கை தட்டி, பூ போட்டு வெச்சிருக்கறாங்க.

நாலு நாளைக்கு முன்னால நான் தின்ன மீனுங்க அது. ஒருவேளை வேற விராலோன்னு பெருசு பண்ணிப் பாத்தேன். இடது வாலு கிழிஞ்சிருக்குது. அப்புறம்தான் திருமூர்த்தியப் பாத்தேன். அவரு தைப்பூசத்துக்குப் பழனியில மொட்டை போட்டவரு, ஒரு இஞ்சு முடிகூட இன்னும் மொளைக்கல. போட்டோல சுருள் சுருளா முடி. அடுத்த வாரம் வேற ஒருத்தரு தரிசனம் பண்ணாரு. அதுக்கடுத்த வாரம் ரெண்டு பேரு. சேர்மன் உசிரோட இருந்தப்பக்கூட இத்தனை தடவை மாட்டுனதில்ல. நான் தின்னதுக்கப்புறம் வாராவாரம் மாட்டுச்சு.

நான் என்னன்னு சொல்லுவேன்? நீங்க சொல்றது பொய்யுன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கொழம்பு வெச்சுத் தின்னுட்டேன்னு சொன்னா சங்கத்துல இருந்து மட்டுமில்ல, ஊருல இருந்தே தள்ளி வெச்சுருவாங்க. அதனால நானும் பூ போட்டேன்.

ஆண்டு விழா வந்துச்சு. எம்பேர அடிக்கற நாளு. அதுக்கு மொத நாளு திருமூர்த்தி டைல்ஸ் கடைக்குக் கூப்புட்டு உக்கார வெச்சாரு. பெரியவரு பேர அடிக்கறதுக்கு எங்களுக்கு மனசு வரலீங்க, எத்தனை மணிக்குப் புடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. எனக்கு மனசு பொங்கிருச்சு. நான் நெசமாலுமே புடிச்சனுங்க, ஒரு புதன்கிழமை, யாருமே இல்லாதப்பன்னு ஆரம்பிச்சேன்.

"அருமைங்க. இப்படியேதான் சொல்லோணும், குரலுகூட நல்லா நடுங்குது. புதன்கிழமை மட்டும் வேண்டாம், போன ஞாயித்துக்கிழமைன்னு போட்டுக்கலாம். அப்பத்தான் சாட்சிக்கு நாங்க இருப்போம்."

என்னை ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு கையையும் நீட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தாங்க. மீனு அப்புறம் கம்ப்யூட்டர்ல வந்துச்சு. அங்க செவுத்துல பத்துப் பேரு போட்டோவும் இருந்துச்சுங்க. பத்துலயும் சேர்மன் வாயி ஒரே மாதிரி தொறந்திருந்துச்சு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. ஒருத்தன்கூடப் புடிக்கல. இத்தனை வருசத்துல அந்த மீனத் தூண்டில்ல எடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

விழாவுல அஞ்சு பேரு எந்திரிச்சு சாட்சி சொன்னாங்க. நான் எப்படி நின்னேன், எப்படி இழுத்தேன், சேர்மன் துள்ளுனப்ப திருமூர்த்தி கண்ணாடியில எப்படித் தண்ணி தெறிச்சுதுன்னு. கேக்கக் கேக்க நானே பாதி நம்பிட்டேன். கேடயம் குடுத்தாங்க. என் போட்டோ, தேதி, கீழ "பத்திரமாக நீரில் விடப்பட்டது"ன்னு பொன்னெழுத்துல. கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா கையில வாங்குனதும் உட முடியல. ஊட்டுக்குக் கொண்டாந்து டீவி பக்கத்துல வெச்சேன்.

தமயந்தி கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சா. மொகம் அப்படியே மலந்துருச்சுங்க. அஞ்சு பேரு பாத்தாங்களாமா, அப்ப நெசமாவே உங்களுக்குப் புடிக்கத் தெரிஞ்சிருச்சுன்னா. ஒரு வருசமா இந்த வார்த்தைக்குத்தான் காத்துட்டு இருந்தேன். அப்புறம் மறுபடியும் கேடயத்தப் பாத்தா. தேதியப் பாத்தா. கடைசி வரியப் பாத்தா.

"கையில கெடைச்ச மீனத் தண்ணியில உட்டுப்போட்டீங்க. எனக்கு மட்டும் கடையில வாங்கியாந்தீங்களா?"

அவ்வளவுதாங்க. போயித் துணி மடிக்க ஆரம்பிச்சுட்டா. நாலு நாளா, சோறு போடட்டுமா, மாத்திரை குடுங்க, இவ்வளவுதான் பேச்சு.

உண்மையச் சொல்லலாமில்லன்னு பாக்கறீங்க. எந்த உண்மைய? கேடயம் பொய்யுன்னு சொன்னா, பொய்க் கேடயத்த வாங்கியாந்தவன் கொழம்பப் பத்திச் சொன்னத எப்படி நம்புவா? கேடயம் நெசமுன்னா, கட்டுன பொண்டாட்டிய உட்டுப்போட்டு மீனக் காப்பாத்துனவன் நான். எந்தப் பக்கம் திரும்புனாலும் மாட்டிக்கிட்டேன். நேத்து அவகிட்ட நேராவே கேட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு நாளு குட்டைக்கு வா, உன் கண்ணு முன்னால புடிச்சுக் காட்டறேன்னு. வரமாட்டான்னுதான் நெனைச்சேன்.

"வர்றனுங்க. மாட்டற வரைக்கும் உக்காந்திருக்கறேன், தையல் வலிச்சாலும் பரவால்ல. ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டாப் போதும். அன்னிக்குக் கொண்டாந்ததும் நீங்க புடிச்சதுதான்னு நம்பிக்கறேன்."

முப்பத்தாறு வருசத்துல அவ என்னைய நம்பறதுக்கு இவ்வளவு ஆசப்பட்டு நான் பாத்ததில்லீங்க. ஆனா ஒரே ஒரு சிக்கல். குட்டையில மீனு இல்லீங்களே.

அய்யோ, தண்ணி தெறிச்சிருச்சுங்களா? கால இக்கட்டால எடுத்து வெச்சுக்கோங்க. அந்தப் பெயிண்ட் டப்பாதான். மூடியில ஓட்டை போட்டிருக்கறேன், அது வழியாத்தான் அடிக்குது. உசிரோட இருக்குது, விரால். உடுமலையில நாலு கடை ஏறி எறங்கி, சேர்மன் அளவுக்குத் தேடிப் புடிச்சு வாங்கினேன். கடைக்காரன்கிட்டச் சொல்லி இடது வாலயும் லேசாக் கத்தரிச்சாச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மேக்குக் கரையில சங்கத்து ஆளுங்க இருப்பாங்க பாருங்க. அவங்க ஒருத்தராச்சும் நெசமான சேர்மனைப் பாக்கட்டும். இன்னிக்குச் சாயங்காலம் உட்டா நாளைக்குக் காத்தால பசியில இருக்கும்.

என்னங்க? அப்ப இதுவும் கடையில வாங்குன மீனுதானேன்னா?

வாங்குனது கடையிலதானுங்க, யாரு இல்லைன்னா? ஆனா நாளைக்கு அவ கண்ணு முன்னால புடிக்கப் போறது நானில்லீங்களா? இந்த ஒரு மீன அவ நம்பிட்டாப் போதுமுங்க. அந்த மீனையும் நம்பிருவா.